துபாயில் வாடகை வீடு: சாயல்குடி முதல் தொண்டி வரை நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரையில் எந்த ஊரில் நின்று கேட்டாலும் துபாயில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். எந்த வேலைக்குப் போகலாம், விசாவுக்கு யாரைப் பார்க்கலாம் என்பதெல்லாம் டீக்கடையிலேயே தெரிந்துவிடும். போன பிறகு எங்கே தங்குவது, யார் பேரில் தங்குவது என்பதை மட்டும் யாரும் விவரமாகச் சொல்லி அனுப்புவதில்லை. "அதான் நம்மாளுங்க இருக்காங்களே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பேச்சு முடிகிற இடத்திலிருந்து வரும் கேள்விகள் இவை. பதில்கள் துபாய்க்கானவை. ஷார்ஜா, அபுதாபிக்கு விதிகள் வேறு. அதைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

ஊரில் வீடு பிடிப்பதற்கும் அங்கே பிடிப்பதற்கும் என்ன வித்தியாசம்?

ஊரில் மூன்று வழி: மாத வாடகை, அட்வான்ஸோடு வாடகை, இல்லையென்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து ஒத்திக்கு இருப்பது. எதுவானாலும் வீட்டுக்காரர் முதலில் கேட்பது "எந்தத் தெரு, யார் மகன்?" என்றுதான். அதற்குப் பதில் சரியாக இருந்தால் எழுத்தில் எதுவும் இல்லாமலேயே பத்து வருஷம் இருந்துவிடலாம். கீழக்கரைக்காரர்கள் பலருக்கு அதுவும் பழக்கமில்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைத்து, மாப்பிள்ளை அங்கே வந்து தங்கும் ஊர் அது. வாடகை வீட்டையே முதன்முதலாக துபாயில் பார்ப்பவர்கள் உண்டு.

அங்கே நீங்கள் யார் மகன் என்று யாரும் கேட்கப்போவதில்லை. வாடகை வருஷக் கணக்கில் பேசப்படும். வருஷத் தொகையை ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு என்று பின்தேதியிட்ட செக்குகளாகப் பிரித்து, சாவி வாங்கும்போதே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு செக் வாங்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள், ஆனால் செக்கின் எண்ணிக்கை கூடினால் வாடகையும் கொஞ்சம் கூடும். ஒப்பந்தம் அரசாங்கப் பதிவேட்டில் ஏறும். அதில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் குடியிருப்பவர். மற்ற எல்லோரும் விருந்தாளி.

இறங்கிய உடனே வீடு எடுத்துவிடலாமா?

முடியாது, அவசரமும் வேண்டாம். எமிரேட்ஸ் ஐடி (அந்த நாட்டு அடையாள அட்டை) வர வேண்டும், சம்பளக் கணக்கு தொடங்க வேண்டும், செக் புத்தகம் கைக்கு வர வேண்டும். அதுவரை கம்பெனி ரூம் இருந்தால் கம்பெனி ரூம், இல்லையென்றால் சொந்தக்காரர் அறை. அந்த நாட்களில் எந்த ஏரியா உங்கள் வேலைக்குத் தோதாக இருக்கும் என்று மெட்ரோவில் போய்வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட் ஸ்பேஸ் எடுத்து இருக்கிறேன். அது சட்டப்படி சரியா?

இதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. துபாயின் வாடகைச் சட்டம் (2007-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டம், 2008-இல் திருத்தப்பட்டது) வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்கிறது. ஒரு ஃப்ளாட்டை ஒருவர் எடுத்து, அறைக்கு ஆறு கட்டில் போட்டு, கட்டிலுக்கு இவ்வளவு என்று வசூலிப்பது பெரும்பாலும் அந்தச் சம்மதம் இல்லாமல்தான் நடக்கிறது. ஹாலை ஜிப்சம் போர்டாலோ பிளைவுட்டாலோ தடுத்து 'பார்ட்டிஷன்' போடுவது அடுத்த தவறு. அனுமதியில்லாத தடுப்புகளைத் தேடி 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, ரஃபா, பர்ஷா பகுதிகளில் சோதனை நடத்தியது. அந்த வாரங்களில் பெட்டியோடு தெருவில் நின்றவர்களில் வாடகையை ஒழுங்காகக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். காசு கொடுத்தார்கள், ஆனால் கொடுத்தவர்கள் பேர் எங்கும் இல்லை.

சட்டத்தை விட்டுவிட்டு உயிரைப் பாருங்கள். 2023 ஏப்ரலில், நோன்பு மாதத்தில், தேராவின் அல் ராஸ் பகுதிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து 16 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. பெட் ஸ்பேஸ் பார்க்கப் போகும்போது நான் பார்க்கச் சொல்வது மெத்தையை அல்ல: ஜன்னல் திறக்கிறதா, வாசலுக்குப் போகும் வழியில் கட்டிலோ பீரோவோ மறித்து நிற்கிறதா, ஒரே பிளக்கில் எத்தனை வயர் தொங்குகிறது, புகை எச்சரிக்கைக் கருவியைப் பாலிதீன் பையால் மூடி வைத்திருக்கிறார்களா. கடைசியில் சொன்னது நிறைய அறைகளில் நடக்கிறது, சமையல் புகைக்குக் கத்துகிறது என்று மூடிவிடுகிறார்கள். அப்படி ஓர் அறையைப் பார்த்தால் ஐம்பது திர்ஹாம் குறைவு என்றாலும் வேண்டாம்.

சம்பளம் குறைவாக இருக்கிறவர்களுக்கு வேறு வழியில்லை என்பது உண்மைதான். அதை மறுத்துப் பேசுவது சுலபம், செலவைக் கொடுப்பது யார்? ஆகவே குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: ஒப்பந்தம் யார் பேரில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பார்ட்டிஷன் இல்லாத அறையாக எடுங்கள், மூன்று மாதக் காசை முன்கூட்டி யாரிடமும் கொடுக்காதீர்கள். மாதத்துக்கு மாதம் கொடுத்தால் இழப்பும் ஒரு மாதத்தோடு போகும்.

மச்சான் பேரில் ஃப்ளாட் இருக்கிறது. பாதி வாடகை நான் கொடுக்கிறேன். என் பேரும் வேண்டுமா?

வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு வேலை போகிறது, விசா ரத்தாகிறது, ஊருக்குக் கிளம்புகிறார். அடுத்த செக் பணமில்லாமல் திரும்புகிறது. வீட்டுக்காரர் பணம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தபின் 30 நாளில் கட்டாவிட்டால் காலி செய்யக் கேட்கலாம். அப்போது "நான் பாதி வாடகை கொடுத்தேன்" என்று நீங்கள் போய் நின்றால், வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி "நீங்கள் யார்?" என்பதுதான். நீங்கள் கொடுத்த அட்வான்ஸும் வீட்டுக்காரரிடம் இல்லை, மச்சானிடம் இருக்கிறது. உங்கள் பேரில் ஒப்பந்தம் இல்லாததால் குடும்ப விசாவுக்கும் அது உதவாது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் நல்லவர்களாக இருந்துமே இது நடக்கும்.

செய்ய வேண்டியது: வீட்டுக்காரரின் சம்மதத்தோடு ஒப்பந்தத்தில் இருவர் பேரையும் குடியிருப்பவர்களாகப் போடுவது. அது முடியாவிட்டால், குறைந்தது உடன் வசிப்பவராகப் பதிவு செய்வது. 2022 செப்டம்பரிலிருந்து வீட்டில் இருக்கும் எல்லோரையும் துபாய் ரெஸ்ட் ஆப்பில் பதியச் சொல்லியிருக்கிறது நிலத்துறை. இந்தப் பதிவு உங்களை வாடகைதாரராக ஆக்கிவிடாது. ஆனாலும் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று. பாதி வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம், "இன்ன மாத வாடகை" என்று குறிப்பெழுதி அனுப்புங்கள்.

சொந்தத்தில் இப்படிக் கேட்டால் சங்கடம் என்பீர்கள். நிஜம்தான், நம் ஊரில் கணக்குக் கேட்டால் சந்தேகப்பட்டதாக அர்த்தம். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. "மச்சான், ஆப்பில் எல்லார் பேரையும் ஏத்தணுமாம், என்னையும் சேர்த்து விட்டுடுங்க" என்று சொல்லுங்கள். சொன்னதில் பொய்யும் இல்லை, யாருக்கும் மனசு கோணவும் கோணாது. பழியை அரசாங்கத்தின் மேல் போட்டுவிட்டால் சொந்தம் பத்திரமாக இருக்கும்.

எஜாரி, எஜாரி என்கிறார்களே, அது என்ன?

வாடகை ஒப்பந்தத்தை நிலத்துறையின் கணக்கில் ஏற்றும் பதிவு. டைப்பிங் சென்டரில் சுமார் 220 திர்ஹாம் ஆகும், ஆப்பில் செய்தால் குறையும். கரண்ட் இணைப்பு எடுக்க, குடும்ப விசா போட, வாடகைத் தகராறு மன்றத்துக்குப் போக எல்லாவற்றுக்கும் இது வேண்டும். "எஜாரி வேண்டாம், வாடகையில் குறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் ஆளிடம் சிரித்துப் பேசி விடைபெற்றுவிடுங்கள்.

குடும்பத்தை அழைத்துவர என்ன வீடு வேண்டும்?

மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000-த்தோடு கம்பெனி கொடுக்கும் தங்குமிடம். இது பொதுவான அளவு. கூடவே உங்கள் பேரில் எஜாரி. பெட் ஸ்பேஸிலோ மச்சான் பேரில் உள்ள பாதி வீட்டிலோ இருந்துகொண்டு குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கப் போனால் இந்த இடத்தில்தான் சிக்கும்.

கையில் எவ்வளவு இருந்தால் வீடு எடுக்கலாம்?

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். வருஷ வாடகை 48,000 திர்ஹாம், நான்கு செக் என்று வையுங்கள். முதல் செக் 12,000. வைப்புத்தொகை, சாமான் இல்லாத வீட்டுக்கு வாடகையில் 5 சதவீதம் என்பது வழக்கம்: 2,400. சாமான் போட்ட வீடென்றால் 10 சதவீதம். ஏஜென்ட் கமிஷன் வழக்கமாக 5 சதவீதம், அதன்மேல் வாட் வரி 5 சதவீதம்: மொத்தம் 2,520. தேவாவில் (மின்சாரமும் தண்ணீரும் தரும் நிறுவனம்) ஃப்ளாட்டுக்கு வைப்புத்தொகை 2,000. எஜாரி 220. கூட்டினால் 19,140. இணைப்புக் கட்டணம், சாமான் ஏற்றும் வண்டி, கட்டில், அடுப்பு எல்லாம் தனி.

வைப்புத்தொகைக்கும் கமிஷனுக்கும் இவ்வளவுதான் என்று அந்த வாடகைச் சட்டம் அளவு சொல்லவில்லை, ஊர் வழக்கம்தான். அதனால் பேசிப் பார்க்கலாம். ஏஜென்ட் இல்லாமல் வீட்டுக்காரரிடமோ அவருடைய நிர்வாக நிறுவனத்திடமோ நேராக எடுத்தால் அந்த 2,520 மிச்சம்.

இன்னொன்று பலரும் மறப்பது: வருஷ வாடகையில் 5 சதவீதம் வீட்டு வரியாக தேவா பில்லோடு சேர்ந்து மாதாமாதம் வரும். மேலே சொன்ன வீட்டுக்கு மாதம் 200 திர்ஹாம். முதல் பில்லைப் பார்த்துவிட்டு "நான் ஏசியே போடலையே" என்று அலறுகிறவர்கள் அந்த வரியைக் கவனிக்காதவர்கள்.

செக் திரும்பினால் ஜெயிலா?

பழைய பயம். 2022 ஜனவரியில் சட்டம் மாறியது. கணக்கில் பணம் போதவில்லை என்பதற்காக மட்டும் செக் திரும்பினால் இப்போது குற்ற வழக்கு இல்லை. அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். கணக்கில் இருக்கிற தொகையை வங்கி கொடுத்துவிட்டு, மீதிக்குத் திரும்பிய செக்கையே ஆதாரமாக வைத்து வீட்டுக்காரர் நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம். கணக்கு முடக்கம், பயணத் தடை வரை வரும். வேண்டுமென்றே கணக்கை மூடுவது, பணத்தை எடுத்துவிட்டு செக்கை விடுவது, கையெழுத்தை மாற்றிப் போடுவது இவையெல்லாம் இப்போதும் குற்றம்தான். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் கணக்கை மூடிவிட்டு வருகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த செக்குக்குப் பணம் வராது என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். செக்கை இரண்டு வாரம் தள்ளிப் போட ஒத்துக்கொள்கிறவர்கள் நிறைய. ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த ஏரியா நல்லது?

வேலை எங்கே என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். பொதுவாக, தேரா, பர்துபாய், கராமா பழைய நகரம். தமிழ்ச் சாப்பாடு, தமிழ்க் கடை, பள்ளிவாசல், மெட்ரோ எல்லாம் காலடியில், ஆனால் கட்டடங்கள் பழசு, வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. குசைஸ் குடும்பக்காரர்களுக்குத் தோது, மெட்ரோவின் பச்சை வழித்தடம் அங்கிருந்து தேரா, பர்துபாய் வழியாக ஓடுகிறது. இன்டர்நேஷனல் சிட்டி வாடகை மலிவு என்று சொல்வார்கள். பஸ்ஸையும் காரையும் நம்பித்தான் அங்கே பலரும் நாட்களை ஓட்டுகிறார்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததை டாக்சிக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷார்ஜாவில் மலிவாமே?

ஆமாம். ரோலா பக்கம் போனால் பாதி ராம்நாடு அங்கேதான் என்று தோன்றும். ஆனால் வேலை துபாயில் என்றால் காலையும் மாலையும் இத்திஹாத் சாலை நெரிசலில் உட்கார வேண்டும். ஒப்பந்தத்தை அங்கே மாநகராட்சியில் பதிய வேண்டும், எஜாரி கிடையாது. 2024-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் சட்டப்படி ஒப்பந்தம் தொடங்கி மூன்று வருஷத்துக்கு வாடகை ஏற்றக் கூடாது. இது துபாயில் இல்லாத நல்ல விஷயம். குடும்பங்கள் இருக்கும் பகுதியில் பேச்சிலர்கள் தங்கினால் காலி செய்யச் சொல்வதும் அங்கே உண்டு.

அபுதாபியில் பதிவின் பேர் தவ்தீக். வாடகை ஏற்றம் வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

போலி ஏஜென்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பரவலாக நடக்கும் தந்திரம் இது. ஒருவர் ஒரு ஃப்ளாட்டைச் சில நாளைக்கு எடுப்பார், சாவி கையில் இருக்கும், நல்ல சட்டை போட்டிருப்பார். ஒரே ஃப்ளாட்டைப் பத்துப் பேருக்குக் காட்டி, "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருது" என்று சொல்லி அட்வான்ஸ் வாங்குவார். மறுநாள் போன் எடுக்க மாட்டார். வாடகை அக்கம்பக்கத்தைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும், அதுதான் தூண்டில்.

பார்க்க வேண்டியது மூன்று. ஏஜென்ட்டிடம் ரேரா (வீடு, மனைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) அட்டை இருக்கிறதா, அந்த எண் துபாய் ரெஸ்ட் ஆப்பில் வருகிறதா. வீட்டுப் பத்திரத்தில் உள்ள பேரும், வீட்டுக்காரர் என்று சொல்பவரின் எமிரேட்ஸ் ஐடியில் உள்ள பேரும் ஒன்றா; வேறு ஆள் கையெழுத்துப் போட்டால் அவரிடம் பவர் பத்திரம் இருக்கிறதா. செக்கை யார் பேரில் எழுதச் சொல்கிறார்கள். வாடகைச் செக் பத்திரத்தில் உள்ள உரிமையாளர் பேரில் போக வேண்டும், நிர்வாக நிறுவனம் என்றால் அதற்கு உரிமையாளர் கொடுத்த அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஏஜென்ட்டின் சொந்தப் பேரில் ஒரு திர்ஹாமும் வாடகையாகப் போகக் கூடாது. கமிஷனும் அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் பேருக்குத்தான், ரசீதோடு.

ஏமாற்றுகிறவர் தமிழ் பேசினால் நம் ஆட்கள் கொஞ்சம் கூடவே நெகிழ்ந்துவிடுகிறார்கள். "அண்ணே, நான் பரமக்குடிப் பக்கம்தான்" என்று சொன்னால் உடனே டீ வாங்கிக் கொடுக்கலாம், அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

'சில்லர் ஃப்ரீ' என்றால் கரண்ட் பில்லே வராதா?

வரும். ஏசிக்கான குளிர்நீர்ச் செலவை மட்டும் வீட்டுக்காரர் ஏற்கிறார். விளக்கு, ஃப்ரிட்ஜ், தண்ணீர் உங்கள் பில். சில கட்டடங்களில் குளிரூட்டும் நிறுவனம் தனியாக இருக்கும், அதற்குத் தனி வைப்புத்தொகை, தனி பில். வீடு பார்க்கும்போதே "ஏசிக்கு யார் கட்டுவது?" என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே ஏசியை அணைப்பது நடக்காத காரியம். நம்மூர்ச் சித்திரை வெயில் பழகியவன் என்ற வீறாப்பு அங்கே செல்லாது, இரவு பன்னிரண்டு மணிக்கும் புழுங்கும்.

தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது. நரிப்பையூர் ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமில்லை. கட்டணம் படிப்படியாக ஏறும், அதிகம் செலவழித்தால் யூனிட் விலையே கூடும்.

கருவாடு பொரிக்கலாமா?

சிரிக்காதீர்கள், ஊரிலிருந்து வந்த பெட்டியில் பாதி அதுதானே. தடை என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் நடுவில் காற்றுப்பாதையே இல்லாத கட்டடங்களில் ஒரு வீட்டு அடுப்பு மணம் அந்த மாடி முழுக்கப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் நாத்தூரிடம் (வாட்ச்மேனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) புகார் சொல்வார். வீடு பார்க்கும்போது அடுப்படியில் ஜன்னல் இருக்கிறதா, புகைபோக்கி வேலை செய்கிறதா, கதவு மூடினால் ஹாலுக்கு மணம் வராமல் இருக்குமா என்று பாருங்கள். 'திறந்த கிச்சன்' என்று பெருமையாகக் காட்டும் ஸ்டூடியோ ஃப்ளாட் நமக்கு ஆகாது. சீலாக் கருவாட்டை ஒரு தடவை பொரித்தால் தலையணை ஒரு வாரம் மணக்கும்.

வீட்டுக்காரர் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றலாமா?

ஏற்ற முடியாது. இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, ஒப்பந்தம் முடிவதற்குக் குறைந்தது 90 நாளுக்கு முன் சொன்னாரா? சொல்லவில்லை என்றால், நீங்களாக ஒத்துக்கொண்டாலொழிய அந்த வருஷம் பழைய வாடகைதான். இரண்டு, நிலத்துறையின் வாடகைக் குறியீடு என்ன சொல்கிறது? 2013-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் ஆணைப்படி, உங்கள் வாடகை அந்த ஏரியாவின் சராசரியைவிட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஏற்றமே கிடையாது. 11 முதல் 20 சதவீதம் குறைவென்றால் 5 சதவீதம் ஏற்றலாம், 21 முதல் 30 வரை 10, 31 முதல் 40 வரை 15, அதற்கும் கீழே என்றால் 20. அதுவே உச்சம்.

நம் 48,000 வீட்டுக்குக் குறியீடு 64,000 காட்டுகிறது என்று வையுங்கள். நீங்கள் கட்டுவது 25 சதவீதம் குறைவு. ஆக 10 சதவீதம், அதாவது 4,800 வரைதான் ஏற்ற முடியும். "மார்க்கெட் ரேட் 64, நீயும் 64 கொடு" என்பது செல்லாது. 2025 ஜனவரியிலிருந்து குறியீடு கட்டடத்தின் தரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அதனால் ஒரே தெருவில் இரண்டு கட்டடத்துக்கு இரண்டு சராசரி வரலாம். பக்கத்துக் கட்டடத்து நண்பரின் கணக்கை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், உங்கள் எஜாரியை வைத்துப் பாருங்கள்.

"அடுத்த மாதம் காலி பண்ணு" என்று வாட்ஸ்அப் வந்திருக்கிறது.

பயப்படாதீர்கள். ஒப்பந்தம் முடியும்போது உங்களைக் கிளப்ப வீட்டுக்காரருக்குக் காரணம் வேண்டும்: இடித்துக் கட்டுவது, குடியிருந்துகொண்டே செய்ய முடியாத பெரிய ரிப்பேர், தானோ நெருங்கிய குடும்பத்தாரோ குடியேறுவது, விற்பது. எதுவானாலும் 12 மாத நோட்டீஸ், அதுவும் நோட்டரி மூலமாகவோ பதிவுத் தபாலிலோ. வாட்ஸ்அப் அதில் சேராது. தானே குடியேறுகிறேன் என்று உங்களை அனுப்பிவிட்டு இரண்டு வருஷத்துக்குள் வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டால் நீங்கள் நஷ்ட ஈடு கேட்கலாம். வீடு கைமாறினாலும் உங்கள் ஒப்பந்தம் புது உரிமையாளரையும் கட்டும்.

இதெல்லாம் வாடகை ஒழுங்காகக் கட்டுகிற, உள்வாடகைக்கு விடாத ஆளுக்கு. அந்த இரண்டில் ஒன்று தவறினால், காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே வழக்குப் போடலாம்.

வேலை போய்விட்டது. வருஷம் முடியவில்லை. என்ன செய்வது?

நடுவில் முறித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தானாகத் தருவதில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பெரும்பாலும் இரண்டு மாத வாடகை அபராதம் என்று இருக்கும். ஒன்றுமே எழுதவில்லை என்றால் வீட்டுக்காரர் மனது வைத்தால்தான் உண்டு. கையெழுத்துப் போடும் அன்றைக்கு இந்த ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொல்லி வாயைத் திறங்கள். வேலை இருக்கும்போது கேட்டால் சுலபமாகப் போடுவார்கள்.

ரிப்பேர் யார் செலவு?

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை வீட்டுக்காரர் செலவு. நடைமுறையில் ஒரு சிறு தொகை வரை, பெரும்பாலும் 500 திர்ஹாம், குடியிருப்பவர் தலையில் எழுதுவார்கள். குடியேறும் அன்று சுவர், ஏசி, குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஊரில் இருக்கும் என் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்தால்?

விடலாம். பூட்டிக் கிடந்தால் உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்றுவிடும். ஆனால் வெளிநாட்டுவாழ் இந்தியர் ஆகிவிட்ட பிறகு வாடகை என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டுவாழ் இந்தியரின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) வர வேண்டும். குடியிருப்பவர் வாடகை கொடுக்கும்போதே 30 சதவீத வருமான வரியும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும், தொகை சிறிதானாலும். இது நம்மூரில் அநேகருக்குத் தெரியாது. உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித் துறையிடம் சான்று வாங்கலாம். கீழக்கரை, ராமநாதபுரம், ராமேஸ்வரம் போன்ற நகராட்சிகளில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் பதிவும் வேண்டும். "பக்கத்துத் தெருப் பையன்தானே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், துபாயில் எஜாரிக்கு எவ்வளவு கவலைப்பட்டார்களோ அதில் பாதியை இங்கேயும் படலாம்.

வீட்டுக்காரர் வைப்புத்தொகையைத் தர மாட்டேன் என்கிறார். எங்கே போவது?

தேராவில் வாடகைத் தகராறு மன்றம் இருக்கிறது, இணையத்திலும் மனு போடலாம். கட்டணம் வருஷ வாடகையில் 3.5 சதவீதம், குறைந்தது 500, அதிகபட்சம் 20,000 திர்ஹாம். 48,000 வீட்டுக்கு 1,680 ஆகிறது. 2,400 திர்ஹாம் வைப்புத்தொகைக்காக 1,680 கட்டி, காகிதங்களை அரபியில் மொழிபெயர்க்கவும் காசு கொடுத்துப் போவதா என்று யோசிக்கத்தான் வேண்டும். ஜெயித்தால் செலவும் திரும்ப வர வாய்ப்புண்டு. பல வீட்டுக்காரர்கள் இந்தக் கணக்கு தெரிந்தே இழுத்தடிக்கிறார்கள். நான் பார்த்த வரை, எஜாரி நகல், குடியேறிய நாள் வீடியோ, தேவா கடைசி பில், சாவி ஒப்படைத்த கடிதம் நான்கையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து "மன்றத்துக்குப் போகிறேன்" என்று எழுதினாலே பாதிப் பேர் இறங்கி வந்துவிடுகிறார்கள். சாவியை ஒப்படைக்கும்போது கையெழுத்து வாங்காமல் நாத்தூரிடம் கொடுத்துவிட்டு ஃப்ளைட் ஏறியவர்களுக்குத்தான் அந்த மின்னஞ்சலை எழுத முடிவதில்லை.

கிளம்பும்போது இன்னும் இரண்டு: வங்கியில் போடாத செக்குகளைத் திரும்ப வாங்குங்கள், எஜாரியை ரத்து செய்யுங்கள். பழைய எஜாரி உங்கள் பேரில் நிற்கும்வரை அந்த வீட்டுக்கு அடுத்த ஆளுக்குப் பதிவு ஆகாது. அதனால் அதை ரத்து செய்வதில் வீட்டுக்காரருக்கும் அக்கறை இருக்கும். வைப்புத்தொகை கைக்கு வருவதும் ரத்துக் கையெழுத்தும் ஒரே நாளில் நடக்கும்படி தேதி குறியுங்கள்.